மாயையா, மூச்சுக்காற்றா?

1938 டிசம்பரில் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பன்னாட்டு மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடிற்று. கிறித்துவம் பிற மதங்களோடு தொடர்புடையதா, தனித்து நிற்பதா என வாதிட்டனர். தனித்தது என்றார் டச்சு அறிஞர் கிரேமர். வாதிடட்டும்! அவர்தம் வேதத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலோ வேதாந்தியின் சொல்லொன்று முன்பே வந்து அமர்ந்திருந்ததே!

இறைவாக்கென்று ஏற்காத நாம், இலக்கியமென்று அந்நூலைப் படிக்கத் தடையில்லை. பிரசங்கி நூலில் ‘ஹெவெல்’ என்னும் எபிரேயச் சொல் 38 முறை வருகிறது. மூச்சு, நீராவி என்பது அதன் பொருள். சொல்லும்போதே மூச்சு வெளியேறும். அற்பாயுளில் மாண்ட ஆபேலின் பெயரும் இதுவே. தத்துவம் பேசவில்லை அப்புலவன், படம் காட்டுகிறான். கையில் அகப்படாது, நிலைக்காது, ஆனால் இருக்கிறது! உலைமூடியைத் திறக்கையில் கையைச் சுடும் ஆவியைப் பொய்யென்பார் உண்டோ?

இதனை ‘மாயை’ என்று பெயர்த்தனர். நிலையாதது, இல்லாததாயிற்று! அதே நூலின் நான்காம் அதிகாரம் ஒடுக்கப்பட்டோர் கண்ணீரைக் காட்டுகிறது. தேற்றுவாரில்லை என்று கலங்குகிறது. ஒடுக்குவோரின் கைவலிமையையும் சொல்கிறது. எல்லாம் மாயையெனில் அந்தக் கண்ணீர் கானல்நீரா? ஒடுக்கிய கையும் வெறுந் தோற்றந்தானா?

குறளின் 34ஆம் அதிகாரம் ‘நிலையாமை’. அச்சொல் வீட்டிலிருக்க இரவல் எதற்கு? 1995இல் வந்த திருவிவிலியம் மாயையைக் கைவிட்டு ‘வீண்’ என்றது. மகிழ்கிறோம். எனினும் வீண் என்பது தீர்ப்பு. புலவன் தந்ததோ படம். ‘ஆவி’ என்றே சொல்லியிருக்கலாம். அதைத்தான் பரிசுத்தமாக்கி வேறோர் இடத்தில் வைத்துவிட்டார்களே!