ரிஸ்பாளின் காவல்

விவிலியத்துப் பெண்களின் வாழ்க்கையிலிருந்து தற்கால மனிதர்க்கு உளவியற் பாடம் வடித்துத் தரும் நூல்களும் பிரசங்கங்களும் இன்று பெருகிவிட்டன. சாராள் பொறுமைக்கும், அன்னாள் விடாத மன்றாட்டுக்கும், மார்த்தாள் வீண் கவலைக்கும் உதாரணமாகின்றனர். ஆகார் வீட்டைவிட்டு ஓடியது அடங்காமையின் விளைவாம்! அவள் அடிமை என்பதும், அவளுடைய உடல் எசமானியின் விருப்பப்படி எசமானுக்கு அளிக்கப்பட்டது என்பதும் இப்போதகர்களுக்குச் சில்லறை விஷயங்கள். இந்த வரிசையில் அரிதாகவே இடம்பெறுபவள் ரிஸ்பாள். இடம்பெற்றாலோ, இழப்பை ஏற்க மறுத்துத் துயரத்திலே தேங்கிவிட்ட மனத்துக்கு எச்சரிக்கையாக நிறுத்தப்படுகிறாள். இவ்வாசிப்பு நமது நாட்டிலே தீங்கு பயக்கும் வாசிப்பு என்பது நமது துணிபு.

சாமுவேலின் இரண்டாம் நூல், இருபத்தோராம் அதிகாரம். மூன்றாண்டுப் பஞ்சம். முந்திய அரசனாகிய சவுல் கிபியோனியரைக் கொன்ற பழியே அதற்குக் காரணம் என்று தாவீது அறிகிறான். கிபியோனியர் கேட்ட ஈடு, சவுலின் வமிசத்தில் ஏழு ஆண்கள். ரிஸ்பாளின் மக்கள் இருவரும் சவுலின் மகளுடைய மக்கள் ஐவரும் ஒப்படைக்கப்பட்டு, வாற்கோதுமை அறுவடையின் தொடக்கத்திலே மலையில் தூக்கிலிடப்படுகின்றனர். பிணங்கள் அடக்கம் செய்யப்படவில்லை. சவுலின் மறுமனையாட்டியாகிய ரிஸ்பாள் பாறைமேல் இரட்டை விரித்து, வானத்திலிருந்து மழை பொழியும்வரை, பகலிலே பறவைகளையும் இரவிலே காட்டு மிருகங்களையும் அவற்றை அண்டவொட்டாமற் காத்தாள். பாலஸ்தீனத்திலே வாற்கோதுமை அறுவடை ஏறக்குறைய ஏப்ரலில், பருவமழை அக்டோபரளவில். நூல் பருவமழையையே குறிக்கிறதெனின், ஆறுமாத காலக் காவல்! இத்தனைக்கும் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லையேனும் நூல் பதிவு செய்யவில்லை. சோபக்கிளீசின் அந்திகோனே தன் தமையனின் அடக்கத்துக்காக அரசனுடன் வாதிடுகிறாள். இவள் வாதிடவில்லை, இருந்தாள்.

இச்செயலைப் பித்து என்று கூறுவோர் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்திலுள்ள வில்கமுவவுக்கு ஒருமுறை சென்றுவருவது நன்று. மகாவலியை அண்டிய வயல் நாடு. பக்கத்திலேயே வஸ்கமுவ வனம். கதிர் முற்றும் காலத்திலே அங்குள்ள விவசாயிகள் பகலிற் குருவி விரட்டி, இரவிற் பரணிலிருந்து யானைக்குக் காவல் இருப்பர். ஒரு போகத்து உழைப்பைக் காக்கும் அக்காவலை எவரும் மனநோய் என்பதில்லை. ரிஸ்பாள் செய்ததும் அதே உழவர் தொழில்தான். பயிரைக் காக்க வேண்டிய பருவத்திலே அவள் பிணத்தைக் காத்தாள் என்பதுதான் கொடுமை. காவல் எத்தகையது என்று கைப்பழக்கத்தால் அறிந்த மக்களிடையே தோன்றிய கதை இது.

துயரத்தை நோயெனக் கொள்வதற்கு உளவியலே இடந்தரவில்லை. 1917இல் வெளிவந்த கட்டுரையிலே பிராய்டு, இழப்பின் துக்கத்தை மருத்துவரிடம் அனுப்பத்தக்க நோயாகத் தாம் கருதவில்லை என்று தெளிவாக்கினார். பிற்காலத்திலே போலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், உயிருடன் இருக்கிறாரா இறந்தாரா என்று அறியவொண்ணாத இழப்பைத் தனியே ஆராய்ந்தார். முடிவுறாத அத்துக்கத்தின் வேர் துக்கிப்பவரின் பலவீனத்தில் இல்லை, நிச்சயமின்மையிலேயே உள்ளது என்று காட்டினார். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் வடுவைத் தனிமனித நோயாக மட்டும் பாராது, சமூகம் முழுவதன் காயமாகவும் கண்டு எழுதினார். நமது போதகர்கள் பிராய்டின் பெயரை அறிவர். படித்தார்களா என்பது வேறு கேள்வி.

1984இல் யாழ்ப்பாணத்திலும் 1990இல் தென்னிலங்கையிலும் அன்னையர் முன்னணிகள் தோன்றின. முன்னதில் தமிழ்த் தாய்மார். பின்னதில் பெரும்பாலும் சிங்களத் தாய்மார். 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியில் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். அவர்களிற் பலர் விடை காணாமலே மாண்டும் போயினர். இவர்கள் முன் மரணச் சான்றிதழும் இழப்பீடும் நீட்டப்பட்டன. “மறந்து வாழுங்கள்” என்ற புத்திமதியும் கூடவே வந்தது. பலர் அவற்றை ஏற்க மறுத்தனர். என் பிள்ளை எங்கே, யார் கொண்டுபோனது என்பதே அவர்கள் கேட்டது. மறக்கச் சொல்லும் ‘ஆறுதல்’ இங்கே யாருக்குத் துணைபோகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாத்தளைக்கும் இதிற் பங்குண்டு. 1987–89 கிளர்ச்சியிலும் அதனை ஒடுக்கிய வன்முறையிலும் இம்மாவட்டம் பெரிதும் அடிபட்டது. 2012 நவம்பரிலே மாத்தளை மருத்துவமனை வளாகத்திலே நிலம் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. 150க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்றது ஒரு தொல்லியல் ஆய்வு. 1950க்கு முந்தியவை என்றது பின்னர் வந்த கரிமப் பரிசோதனை.

ரிஸ்பாளின் கதைக்கு மீள்வோம். அவள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்படுகிறது. அதன் பின்னரே அவன் யாபேசுக்குச் சென்று சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளைக் கொணர்கிறான்; தூக்கிலிடப்பட்டோரின் எலும்புகளும் சேர்க்கப்படுகின்றன; அடக்கம் நடைபெறுகின்றது. அதற்கப்புறந்தான் தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டார் என்கிறது நூல். எழுவரைக் கொன்றபோது அவ்வாறு சொல்லப்படவில்லை. அரசன் பஞ்சத்துக்குக் கண்ட பரிகாரம் ஒன்று. நூல் சுட்டும் பரிகாரம் வேறு. அதற்கு வழிகாட்டியவள் பேசாத ஒரு விதவை.

ஆயினும் கதாசிரியரை முற்றும் பாராட்டிவிட முடியவில்லை. எபிரேய மூலத்திலே எழுவரின் எலும்புகள் சேர்க்கப்பட்டதாகச் சொல்லப்பட்டாலும், அடக்கத்தைக் கூறும் வசனத்தில் சவுலும் யோனத்தானும் மட்டுமே பெயர் பெறுகின்றனர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பே எழுவரையும் அங்கே சேர்க்கிறது. ரிஸ்பாள் அந்த அடக்கத்துக்கு அழைக்கப்பட்டாளா, மலையிலிருந்து எப்போது இறங்கினாள் என்பதை எந்தப் பிரதியும் சொல்லவில்லை.