விறகு விற்ற படலமும் விறகு சுமந்த தலைகளும்

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்துள் 41ஆவதாக அமைந்தது விறகு விற்ற படலம். வரகுண பாண்டியன் அவைக்கு வந்த வடபுலத்து இசைவல்லான் ஏமநாதனோடு பாடி வெல்ல இயலுமோ என அஞ்சிய பாணபத்திரன், சொக்கநாதரிடம் முறையிடுகின்றான். இறைவன் விறகாளாய் மதுரை வீதியில் தோன்றி, மாலையில் ஏமநாதன் இருந்த மனைத் திண்ணையில் சுமையை இறக்கிச் சாதாரிப் பண் பாடுகின்றான். 'பாணபத்திரன் தள்ளிவிட்ட மாணவன்' எனத் தன்னைச் சொல்லிக்கொள்கின்றான். தள்ளப்பட்டவன் பாட்டே இதுவாயின் ஆசிரியன் பாட்டு எத்தகையதோ என நடுங்கிய ஏமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுகின்றான்.

இப்படலத்தை விளக்கப் புகுவோர் பலரும், "அடியவன் பொருட்டு ஆண்டவன் இழிகோலம் பூண்டான்" என்று சொல்லி மேற்செல்வர். இறைவனின் எளிமையைப் போற்றும் நோக்கிலேயே அவ்வாறு சொல்வர். ஆயினும் 'இழிகோலம்' என்னும் சொல்லுக்குப் பாட்டில் இடம் உண்டா என்பது ஆராயத்தக்கது.

விறகாளின் தோற்றத்தைப் புலவர் உற்று நோக்கித் தீட்டியுள்ளார். அழுக்கேறிய கந்தை, பழைய தோற்செருப்பு, தலையில் விறகுக் கட்டு, தொங்கும் பழைய யாழ், இடையில் வாய் மழுங்கிய அரிவாள். அந்த அரிவாளை, சடையிலிருந்த பிறையை எடுத்து இடையிற் செருகியது போன்றது என்கின்றார். விற்பவனுக்கு அரிவாள் எதற்கு? விலை பேச அது வேண்டுவதில்லை, வெட்டுவதற்கே வேண்டும். அதன் வாய் மழுங்கியிருப்பது, அது பல நாள் உழைத்த கருவி என்பதற்குச் சான்று. படலத்தின் பெயர் 'விற்ற' என்கின்றது. அரிவாளோ 'வெட்டிய' என்கின்றது. உழைத்துத் தேய்ந்த இரும்புக்குத் திங்களை உவமை கூறிய புலவர் அத்தொழிலை இழிந்ததாகக் கருதினார் எனல் பொருந்தாது.

ஆயினும் படலத்தில் ஒரு குறை உண்டு. விறகு வீதிக்கு வந்த பின்னரே கதை அதனைக் காண்கின்றது. காடும் வெயிலும் வெட்டும் களைப்பும் அங்கே இல்லை. இக்குறையை நிரப்ப வேறு நூல் தேட வேண்டா. மலேசியாவின் வடசிலாங்கூரில், உலு யாம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் வாய்மொழியே போதும்.

பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். பால் குறையும், பாலோடு வருவாயும் குறையும். நிழல் தந்த தோப்பு வெயிற்காடாகும். ஆனால் விறகு காய்வதும் அக்காலத்திலேதான். பச்சை ரப்பர்க் கட்டை கனக்கும், புகையும்; ஈரத்தில் கிடந்தாலோ பூஞ்சையும் வண்டும் விரைவில் அதனைக் கெடுத்துவிடும். ஆகவே காலையில் பால்வெட்டி அளந்து கொடுத்த பெண்கள், நண்பகல் வெயிலில் மறுநடவுக்காக மரஞ்சாய்த்த வெளிக்கும் காட்டோரத்திற்கும் செல்வர். முசுறு எறும்பு கடிக்கக் கிளை கழித்து, அடுப்பளவுக்குத் துண்டாக்கிக் கட்டுவர். சும்மாடு வைத்த தலைக்குச் சுமையை ஏற்றிவிட இன்னொருவர் கை வேண்டும். தனியே சென்றவள் கட்டைச் சிறிதாகக் கட்டுவாள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் காட்டுக்குள் விரும்பியபடி செல்லவும் இயலாது. இத்தனையையும் கடந்தே லயத்தில் உலை கொதித்தது.

இவ்வுழைப்பை அறிந்தவர்க்குப் படலத்தின் வேறோர் இடமும் புலப்படும். இறைவன் விறகுக்கு மிகுந்த விலை கூறுகின்றான். ஆதலின் வாங்குவார் இல்லை. பொழுது சாயவேண்டும் என்பதே அவன் நோக்கம். மெய்யான விறகாளோ பொழுது சாயச்சாய விலையைக் குறைப்பான். விற்றால்தான் அவன் வீட்டில் அரிசி. விலை குறைக்க வேண்டாத விறகாள் இறைவன் ஒருவனே. இவ்வேறுபாட்டைக் காட்டுவது பத்திக்கு ஊறு செய்யாது; விறகாளின் வறுமையை மாணவர்க்குத் தெளிவாக்கும்.

சங்கப் புலவரும் இவ்வறுமையை அறிவர். புறநானூற்றின் 70ஆம் பாட்டில் கோவூர் கிழார், கிள்ளிவளவனின் கொடை விறகு கொணரச் சென்றோர் பொன் பெற்றாற் போன்ற தற்செயற் பேறு அன்று என்கின்றார். அங்கும் விறகாள் அரசன் புகழுக்கு ஓர் அளவுகோலாகவே வருகின்றான். ஆயினும் பொன் கிடைத்தல் என்பது விறகு தேடுவோர்க்கு எத்துணை அரிது என்பதை அறிந்தே அவர் சொல் பிறந்தது.

1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் இக்கதையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. சிவாசி கணேசன் ஏற்ற விறகாளை நினைப்போர் பாட்டையே நினைப்பர்; சுமையை நினைப்பவர் சிலரே. இன்று எரிவாயு அடுப்பின் முன் வளரும் பிள்ளைக்குச் 'சும்மாடு' என்பது அகராதிச் சொல்.

ஆகவே வகுப்பறையில் இப்படலத்தைத் தொடங்கும் ஆசிரியர், 'இழிகோலம்' என்று உரைக்குமுன் சற்றே நிற்றல் வேண்டும். முன்வரிசையில் இருக்கும் பிள்ளையின் பாட்டி அக்கோலத்திலேயே ஒரு குடும்பத்தை வளர்த்திருக்கக் கூடும். அரிவாளின் வாய் ஏன் மழுங்கியது என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னாற் போதும். உரைநூல் சொல்லாத விடையோடு மறுநாள் அப்பிள்ளை வரும்.