வள்ளி கும்மி: அடவு வந்துருச்சு, பாட்டு?

போன மாசம் பவானிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வள்ளி கும்மி அரங்கேற்றம். கோயில் வாசலில் ஒரே நிறச் சேலையில் அறுபது பேர். ஆட்டம் சுத்தம், ஒரு கால் தப்பவில்லை. நடுவில் எட்டாவது படிக்கிற ஒரு புள்ளைகிட்டக் கேட்டேன். "பாட்டுல ஆலோலம்னு வருதே, என்ன கண்ணு அது?"

"தெரியலைங்க. அந்த எடத்துல ரெண்டு சுத்து சுத்தோணும்."

தினைக்காட்டில் கிளி விரட்டுகிற சத்தம் அது. வள்ளி யார், எங்கே இருந்தாள் என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

வள்ளி கும்மி அழியுது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆண்கள் ஆடிவந்த கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைத்தது, அவருடைய 87வது வயதில். அதே வருசம் பெருந்துறையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே களத்தில் ஆடினார்கள். சந்தோசம்தான். ஆனால் இப்போது எங்கே போனாலும் தலை எண்ணிக்கைதான் பேச்சு. பாட்டு வாத்தியார் மைக்கில் பாடுகிறார், ஆடுகிறவர்களுக்கு அது தாளம் மட்டும்.

இங்கேதான் எனக்கு ஹவாய் ஞாபகம் வருது. அங்கே ஹுலா ஆட்டத்தில் கையசைவு பாட்டின் சொல்லுக்குத்தான். 1830ல் பொது இடத்தில் ஹுலா ஆடத் தடை வந்தது. 1883ல் கலாகவா மன்னர் தன் முடிசூட்டு விழாவில் அதை மறுபடி மேடையேற்றினார். பிறகு 1896 சட்டத்தால் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே பாடமொழி ஆச்சு. மொழி போனால் ஆட்டம் வெறும் இடுப்பசைவு என்று அவர்களுக்குப் புரிந்தது, சுற்றுலா மேடைகளில் அதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். 1984ல் ஹவாய் மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளி தொடங்கினார்கள். ஹிலோவில் நடக்கிற பெரிய போட்டியில், ஆடும் பாட்டுக்கு அர்த்தமும் விளக்கமும் நடுவர்களுக்கு எழுதித் தரணும்.

நம்ம மொழியை யாரும் தடை செய்யவில்லை. அதனாலேயே பாட்டு தானா புரியும்னு விட்டுட்டோம். விட்டதன் விளைவு சின்னதல்ல. வள்ளி கும்மி மேடை ஒன்றில், சொந்த சாதிக்குள்தான் கட்டிக்குவோம் என்று பெண்களிடம் சத்தியம் வாங்கிய வீடியோ 2024ல் பரவியதே, மறந்திருக்க மாட்டீர்கள். குறவர் வீட்டில் வளர்ந்த பெண்ணை முருகன் வேடன், கிழவன் என்று வேசம் போட்டுத் தேடி வந்து கட்டிக்கிட்ட கதை இது. ராத்திரி முழுக்க அதைப் பாடி ஆடிவிட்டு, அதே மேடையில் இந்தச் சத்தியம். பாட்டைக் காதில் வாங்கியிருந்தால் ஒரு புள்ளையாவது சிரித்திருக்கும்.

வாத்தியார்களைக் குறை சொல்ல மனசு வரலை. ஒன்னு ரெண்டு மாசத்தில் அரங்கேற்றம் வேணும்னு ஊர் கேட்டால் அவர் அடவைத்தான் முடிப்பார். அதில் வாரம் ஒரு அரை மணி நேரம் உட்கார வைத்துக் கதை சொன்னால் போதுங்க. எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியாரிடம் கையெழுத்துப் பாட்டு நோட்டு இருக்கு. பரண், கவண், தினைப்புனம் என்று பெண்கள் முழிக்கிற சொற்களை அதிலிருந்து எழுதி எடுத்துக்கிட்டிருக்கேன். இதுவரை நாப்பது சேர்ந்திருக்கு.