கோப்பை வறட்சியை எங்கிருந்து எண்ணுவது?

போன மாதம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் ஒரு பேச்சு. "சென்னைக்காரன் 2018க்கு அப்புறம் ஃபுட்பால்ல ஒரு கப்பும் அடிக்கலீங்களே" என்றார் நண்பர். சென்னையின் எஃப்சி 2017-18 ஐ.எஸ்.எல் கோப்பையை வென்றதைத்தான் கடைசி வெற்றியாக வைத்து எண்ணினார். "அப்ப 2019 மார்ச்சு என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது வேற லீக்குங்க" என்றார்.

அந்த 'வேற லீக்' என்ற சொல் மனதில் தங்கிவிட்டது. கோப்பை வறட்சி பற்றிய கட்டுரைகளும் பட்டியல்களும் ஒவ்வொரு சீசன் முடிவிலும் வருகின்றன. இந்த அணிக்கு இத்தனை வருஷம், அந்த அணிக்கு அத்தனை வருஷம் என்று வரிசையாக இருக்கும். படிக்க சுவாரசியம்தான், நானும் படிக்கிறேன். ஆனால் போட்டி லீக் ஒன்றிலிருந்து வந்த அணிகளைப் பற்றி எழுதும்போது இந்தப் பட்டியல்கள் மூன்று இடங்களில் சறுக்குகின்றன என்பது என் எண்ணம். அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை. இந்த வகைக் கணக்குக்கு அதுதான் மூலப்பாடம். அங்கே என்.எஃப்.எல் என்ற பழைய லீக்குக்குப் போட்டியாக 1960ல் ஏ.எஃப்.எல் தொடங்கியது. 1966ல் இரண்டும் இணைய ஒப்புக்கொண்டன, 1970ல் ஒரே லீக் ஆயின. ஏ.எஃப்.எல்லில் இருந்து வந்தவை பத்து அணிகள். அவற்றில் நியூயார்க் ஜெட்ஸ் 1969 ஜனவரியில் பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று வீழ்த்தி சூப்பர் பவுல் வென்றது. அதற்குப் பிறகு அந்த அணி இறுதிப் போட்டிக்கே போகவில்லை. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 1970 ஜனவரியில் வென்றது, அடுத்ததை வெல்ல 2020 பிப்ரவரி வரை ஐம்பது வருஷம் காத்திருந்தது. பஃபலோ பில்ஸ் 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு சூப்பர் பவுல் ஆடி நான்கையும் தோற்றது.

இதையெல்லாம் அடுக்கிப் படித்தால் 'போட்டி லீக்கிலிருந்து வந்தவங்களுக்கே ராசி இல்லை' என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 2025 வரை கணக்கெடுத்தால், ஏ.எஃப்.எல்லில் இருந்து வந்த பத்தில் ஆறு அணிகள் சூப்பர் பவுல் வென்றிருக்கின்றன. பஃபலோ, சின்சினாட்டி, சார்ஜர்ஸ், டென்னசி டைட்டன்ஸ் ஆகிய நான்கும் வென்றதில்லை. மற்ற 22 அணிகளில் வென்றவை 14, வெல்லாதவை 8. ஒரு பக்கம் நூற்றுக்கு 60, இன்னொரு பக்கம் ஏறக்குறைய 64. பத்தே அணிகள் இருக்கும் கூட்டத்தில் இது ஒரு வித்தியாசமே இல்லை. அதாவது, எந்த லீக்கில் பிறந்தது என்பது வறட்சிக்குக் காரணம் ஆகவில்லை. நாம் ஜெட்ஸையும் பஃபலோவையும் நினைவில் வைத்துக்கொண்டு, ஆறு முறை வென்ற நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும் அதே ஏ.எஃப்.எல் பிள்ளைதான் என்பதை மறந்துவிடுகிறோம். இது முதல் சறுக்கல்.

இரண்டாவது, எண்ணத் தொடங்கும் இடம். பஃபலோ 1964லும் 1965லும் ஏ.எஃப்.எல் பட்டம் வென்ற அணி. சார்ஜர்ஸ் 1963ல் வென்றது. டைட்டன்ஸின் முன்னோடியான ஹூஸ்டன் ஆயிலர்ஸ் 1960, 1961 இரண்டும் வென்றது. ஆனால் பேச்சுவழக்கில் இவை 'ஒருபோதும் வெல்லாத' அணிகள். பழைய என்.எஃப்.எல் அணியான கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 1964ல் வென்றதை மட்டும் '1964க்குப் பிறகு' என்று மரியாதையாகச் சொல்வார்கள். அதே ஆண்டு, சூப்பர் பவுல் பிறக்காத காலம். ஒருத்தர் வென்றது சரித்திரம், இன்னொருத்தர் வென்றது 'வேற லீக்'.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால் இந்தியக் கால்பந்திலும் ஒரு என்.எஃப்.எல் இருந்தது. 1996ல் தேசிய கால்பந்து லீக் என்ற பெயரில் தொடங்கி, 2007ல் ஐ-லீக் ஆனது. 2014ல் ஐ.எஸ்.எல் வந்தது. அமெரிக்காவில் புதிய லீக் பழையதோடு சேர்ந்தது, இங்கே பழைய லீக்கின் அணிகள் ஒவ்வொன்றாகப் புதிய லீக்குக்குக் குடிபெயர்ந்தன. பெங்களூரு எஃப்சி 2017ல் போனது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020ல் போயின. பிறகு ஐ-லீக் வென்று மேலே ஏறும் வழி திறந்ததும் பஞ்சாப், முகமதன் ஸ்போர்ட்டிங் இரண்டும் வந்தன.

இதில் பெரிய வறட்சி ஈஸ்ட் பெங்காலுடையது. 2000-01, 2002-03, 2003-04 என்று மூன்று தேசிய லீக் பட்டங்கள். அதற்குப் பிறகு 2024-25 சீசன் வரை லீக் பட்டமே இல்லை. 21 வருஷம். பட்டியல்களில் இந்த எண்தான் வரும். ஆனால் இந்த 21க்குள் இரண்டு வேறு கதைகள் இருக்கின்றன.

எங்க பக்கம் வறட்சியை வருஷக்கணக்கில் மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். "கிணத்துல எத்தனை அடியில தண்ணி?" என்றுதான் கேட்பார்கள். ஊர் ஊராகப் போர் போட லாரி அனுப்பும் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இது பழக்கமான கேள்வி. அதே கேள்வியை ஈஸ்ட் பெங்காலிடம் கேட்டுப் பாருங்கள். பழைய லீக்கில் 2010-11, 2011-12, 2013-14, 2018-19 என்று நான்கு சீசனிலும் இரண்டாம் இடம். இடையில் 2012 வரை ஃபெடரேஷன் கோப்பைகளும் வந்தன. தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஐ.எஸ்.எல்லுக்கு வந்த பிறகு 2020-21ல் ஒன்பதாம் இடம், 2021-22ல் கடைசியான பதினொன்றாம் இடம், அடுத்த மூன்று சீசனும் மறுபடி ஒன்பதாம் இடம். 2024 ஜனவரியில் ஒடிசாவை 3-2 என்று வென்று எடுத்த சூப்பர் கோப்பை மட்டும் ஒரு கோடை மழை.

முதல் 16 சீசன் 'கிட்ட வந்து தவறியது'. அடுத்த ஐந்து சீசன் 'ஊற்றே வற்றியது'. இரண்டையும் கூட்டி 21 என்று ஒரே எண்ணாக எழுதும்போது ஏன் என்ற கேள்வி தொலைந்துபோகிறது. ரசிகனுக்கு வலிப்பது எத்தனை வருஷம் என்பதை விட ஏன் என்பதுதானே?

ஏன் என்று தேடினால் கிடைப்பது ராசி இல்லை, வந்த விதம். பெங்களூரு எஃப்சி ஐ-லீக்கில் இரண்டு பட்டம் வென்ற கட்டமைப்போடு முழு அணியாக வந்தது, 2018-19ல் ஐ.எஸ்.எல் கோப்பையை வென்றது. மோகன் பகான், 2019-20 ஐ.எஸ்.எல் சாம்பியனான ஏ.டி.கே.வோடு இணைந்து, தயாராக இருந்த அணியோடு உள்ளே வந்தது. 2022-23ல் கோப்பை, 2023-24ல் லீக் ஷீல்டு, 2024-25ல் இரண்டும். ஈஸ்ட் பெங்காலோ 2020 செப்டம்பரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, புதிய முதலீட்டாளரைப் பிடித்துக்கொண்டு அவசரமாக வந்தது. முகமதன் 2023-24ல் ஐ-லீக் வென்று மேலே வந்து, 2024-25ல் ஐ.எஸ்.எல்லின் கடைசி இடத்தில் முடித்தது. ஒரே நகரம், ஒரே பழைய லீக், மூன்று பெரிய கிளப்புகள், மூன்று விதமான வருகை.

அமெரிக்க இணைப்பில் ஏ.எஃப்.எல் அணிகள் பத்தும் ஒன்றாக உள்ளே வந்தன. 1967லிருந்தே இரு லீக்குக்கும் பொதுவான வீரர் தேர்வு நடந்தது. எண்ணிக்கை சமமாக வேண்டும் என்று பழைய லீக்கின் மூன்று அணிகள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துகொண்டன. அங்கே 60க்கும் 64க்கும் வித்தியாசம் இல்லாமல் போனதற்கு இந்தச் சமத்துவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இங்கே அப்படி ஒரு பொது வாசல் இல்லை. அவரவர் பணத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப அவரவர் வாசல்.

மூன்றாவது சறுக்கல் எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம். 2019 மார்ச் 9, சனிக்கிழமை. நானும் ஒரு நண்பனும் ஈரோடு போய் பஸ் மாறி கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் போனோம். சென்னை சிட்டி எஃப்சிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஐ-லீக்கின் கடைசி ஆட்டம். சென்னை சிட்டி வென்றால் பட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. தொடங்கி சில நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே 2-1 என்று வென்றது, ஆனாலும் 43க்கு 42. ஒரே புள்ளி. ஈஸ்ட் பெங்காலின் வறட்சி நீண்டது நாங்கள் கத்திக்கொண்டிருந்த அந்த மைதானத்தால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் காலத்தில் ஐ-லீக்கும் ஐ.எஸ்.எல்லும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. அந்த சீசனின் ஐ-லீக் சாம்பியனுக்குத்தான் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று, ஐ.எஸ்.எல் சாம்பியனுக்கு அதற்கு அடுத்த நிலையான ஏ.எஃப்.சி கோப்பை. டீக்கடை நண்பர் 'வேற லீக்' என்று ஒதுக்கியது அன்றைய விதிப்படி ஒரு படி மேலான வாசல். சென்னையின் எஃப்சி ரசிகர் தன் கிளப்புக்கு 2018 என்று எண்ணுவது நியாயம், அது வேறு கிளப். ஆனால் 'சென்னை', 'தமிழ்நாடு' என்று பேசினால் 2019 என்றுதான் எண்ண வேண்டும்.

சரி, சென்னை சிட்டியின் வறட்சி எத்தனை வருஷம்? எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. 1996-97ல் முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி, 2005-06ல் வென்ற மஹிந்திரா யுனைடெட் இரண்டும் கலைக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்கும் வறட்சி கிடையாது. வறட்சிப் பட்டியலில் பெயர் வர வேண்டுமென்றால் முதலில் உயிரோடு இருக்க வேண்டும். ஏ.எஃப்.எல்லின் பத்து அணிகளும் இன்றுவரை ஆடுகின்றன, அதனால்தான் ஜெட்ஸ் ரசிகர் தன் வருஷங்களை எண்ணிப் புலம்ப முடிகிறது. புலம்ப ஒரு அணி மிஞ்சியிருக்கிறது. கோவையில் அன்று என்னோடு கத்தியவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆகவே இந்தப் பட்டியல்களை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது மூன்றுதான். வருஷத்தோடு எந்த இடத்தில் முடித்தது என்பதையும் போடுங்கள். பழைய லீக்கின் கடனை இழுத்து வந்தால் அதன் வரவையும் சேர்த்து எழுதுங்கள். கலைந்துபோன அணிகளுக்கும் கீழே ஒரு வரி ஒதுக்குங்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்லீங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.