ஏழு குழிக் காணியும் ஒரு சந்தியும்

நாற்சந்தி ஒன்றைச் சுற்றுவட்டமாக்க எவ்வளவு காணி வேண்டும்? வாகனங்கள் ஒரே நிரையில் சுற்றிவரும் சிறிய வட்டத்துக்கே வெளிவிட்டம் 30 மீற்றர் அளவில் தேவைப்படும். பரப்பளவு 707 சதுர மீற்றர், நம்மூர்க் கணக்கில் மூன்று பரப்புக்குச் சற்றுக் குறைவு. 6 மீற்றர் அகலமான இரண்டு வீதிகள் குறுக்கே போனால், அதில் பாதிக்குக் கிட்ட ஏற்கெனவே தார் போட்ட நிலம். மிச்சம் ஒன்றரைப் பரப்பு. நான்கு மூலைக்கும் பிரித்தால் மூலைக்கு ஏழு குழி வரும். தேசிய வரைபடத்தில் ஏழு குழி ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலுள்ள அளவெட்டி போன்ற ஊரிலோ அந்த ஏழு குழிக்குள் ஒரு கடையின் முகப்பு, புதிதாகக் கட்டிய மதில், கிணற்றடி, சில இடங்களில் ஒரு வைரவர் சூலம் எல்லாமே அடங்கிவிடும்.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் சந்தி கற்பனை. அதைச் சுற்றியுள்ள சட்டமும் நிலமும் வழக்கமும் உண்மையானவை. வலிகாமத்தில் ஒரு சந்தியை மாற்ற நினைத்தால் ஊரை எப்படிக் கேட்கிறோம், அந்தக் கேள்வி எந்த அளவுக்குப் பயன் தருகிறது என்பதே என் அக்கறை.

சுற்றுவட்டம் வேண்டத்தக்கது என்பதில் எனக்குப் பெரிய சந்தேகமில்லை. சாதாரண நாற்சந்தியில் வாகனப் பாதைகள் ஒன்றையொன்று முட்டக்கூடிய இடங்கள் 32. ஒற்றை நிரைச் சுற்றுவட்டத்தில் அவை 8. வட்டத்துக்குள் இருப்பவருக்கு, அதாவது வலப்பக்கத்தால் வருபவருக்கு, வழிவிடும் விதியைப் பிரித்தானியா 1966 இல் கொண்டுவந்தது. நாமும் இடப்பக்கம் ஓடுகிறவர்கள் ஆகையால் அதே விதி இங்கும் உண்டு. ஆனால் பெரிய வாகனம் முதலில் போகும் என்பதே நம் வீதிகளின் எழுதாத விதி என்பதால், எழுதிய விதியை நம்பி எதையும் கட்டமுடியாது. சுற்றுவட்டத்தின் சிறப்பு அதை நம்பாமலே வேலை செய்வதுதான். நேரே போக வழியில்லை, வளைந்துதான் போகவேண்டும், வளைவில் மினிபஸ்ஸும் வேகம் குறைத்தே ஆகவேண்டும். 2001 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இப்படி மாற்றப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட சந்திகளில் காயம் விளைத்த விபத்துகள் ஏறத்தாழ முக்கால்வாசி குறைந்ததாகச் சொன்னது.

அதே நாட்டில் மறு ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு, மக்கள் கருத்துக் கேட்பவர்களுக்குத் தலையிடி தருவது. சுற்றுவட்டம் கட்டுமுன் கேட்டபோது 31 சதவீதமானோரே அதை விரும்பினர். கட்டிய பின் கேட்டபோது 63 சதவீதம். இதைப் படித்த பொறியியலாளர் என்ன முடிவுக்கு வருவார்? 'முதலில் கட்டு, பிறகு பழகிவிடும்.' நம் அதிகாரிகள் பலர் அந்த ஆய்வைப் படிக்காமலே இந்த முடிவுக்கு வந்தவர்கள்.

அந்த ஆய்வு கேட்டது வாகன ஓட்டிகளை மட்டும் என்பதை நாம் கவனிக்கவேண்டும். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் அதில் இல்லை. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 91 சுற்றுவட்டங்களை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொல்கிறது. அங்கே சைக்கிள்காரர் காயப்பட்ட விபத்துகள் 27 சதவீதம் கூடியிருந்தன. பாடசாலை விடும் நேரத்தில் எந்த வலிகாமச் சந்தியிலும் நின்று பார்த்தால், இந்த எண் நமக்கு ஏன் முக்கியம் என்று விளங்கும். எல்லாச் சுற்றுவட்டங்களும் நல்லவை என்று பொதுவாகச் சொல்லமுடியாது. நுழைவாயில் எவ்வளவு ஒடுங்கியது, கடவை எவ்வளவு தள்ளியுள்ளது, சைக்கிளுக்கு எது பாதை என்பவையே நல்லதையும் கெட்டதையும் பிரிக்கின்றன. கேள்வி கேட்கவேண்டியது இந்த இடத்தில்தான்.

சட்டம் கேட்கச் சொல்கிறதா? 1993 ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெருந்தெருவுக்குத்தான் சுற்றாடல் ஆய்வும் அதன் வழியாகப் பொதுமக்கள் 30 நாளுக்குள் கருத்துச் சொல்லும் வாய்ப்பும் உண்டு. ஒரு சந்திக்கு இல்லை. 1950 ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு ஆட்சேபம் தெரிவிக்க இடம் தருகிறது. அவசரம் என்று சொல்லி 38 ஆம் பிரிவைக் கையில் எடுத்தால், விசாரணை முடியுமுன்பே நிலத்தை எடுத்துவிடலாம். உண்மையில் கூட்டம் வைத்து, கையொப்பம் வாங்கி, முறைப்படி ஆலோசித்த வீதி வேலைகள் பெரும்பாலும் ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற கடன் தருநர் நிபந்தனை விதித்தவை. ஊரைக் கேட்கும் கடமை நமக்குக் கடனோடு சேர்ந்து வந்தது என்பது கொஞ்சம் வெட்கப்படவேண்டிய விடயம்.

மக்கள் பிரதிநிதிகளும் பல ஆண்டு இல்லாதிருந்தார்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு பல ஆண்டுகளாகத் தேர்தல் இல்லை. பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிய, அடுத்த தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒழுங்கை விளக்கு முதல் சந்தி வரை சபைச் செயலாளர் கையில். நல்ல செயலாளர் இருந்த இடத்தில் வேலை விரைவாகவே நடந்தது, அதை மறுக்கக்கூடாது. ஆனால் தோற்கடிக்கக்கூடிய ஒருவரிடம் முறையிடுவதும் இடமாற்றம் பெறக்கூடிய ஒருவரிடம் முறையிடுவதும் ஒன்றல்ல.

இந்த வெற்றிடத்தை நிரப்புவது ஊரின் சொந்த வழக்கம். கிராம அலுவலர் வீடுவீடாகப் போய்ச் சொல்வார். சனசமூக நிலையத்தில் கூட்டம் நடக்கும். கோயில் தர்மகர்த்தா ஒரு வார்த்தை பேசுவார். வேலியை இரண்டடி பின்னுக்குப் போட உடன்படுவார்கள், நட்டஈடு வாங்காமலே. வலிகாமத்தின் பல ஒழுங்கைகள் வீதியானது இப்படித்தான். எந்தச் சட்டத்தாலும் இவ்வளவு மலிவாக, வழக்கில்லாமல் இதைச் செய்திருக்கமுடியாது. வெளியூர் ஆலோசகர் மூன்று மாதம் எடுக்கும் தகவலை ஊர்ப் பெரியவர் அரை மணியில் சொல்லிவிடுவார்: மாரியில் வெள்ளம் எந்த மூலையில் நிற்கும், எந்த மதிலடியில் பழைய கிணறு மூடிக் கிடக்கிறது என்பதெல்லாம்.

இதே வழக்கத்தின் குறையும் அதே இடத்தில் இருக்கிறது. கேட்கப்படுபவர் வீதியோரக் காணிக்காரர். உறுதியில் பெயர் உள்ளவர். பெரும்பாலும் ஆண். பல வேளை அவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்க, அற்றோர்னித் தத்துவம் வைத்திருக்கும் மச்சான் வந்து கதிரையில் அமர்வார். அந்தச் சந்தியை நாளுக்கு நாலு தரம் கடக்கும் ஆசிரியைக்கும், தோட்ட வேலைக்குச் சைக்கிளில் போகும் பெண்ணுக்கும், சந்திக்கு அப்பால் காணியில்லாமல் குடியிருப்பவருக்கும் அழைப்பு வராது. ஊர் என்று நாம் சொல்லும்போது அதற்குள் சாதியும் அடங்கியிருக்கிறது. நிலையங்களும் கோயில்களும் யாருடையவை என்பது எல்லோருக்கும் தெரியும், கூட்டக் குறிப்பில் மட்டும் அது இராது. எனவே கிடைக்கும் சம்மதம் நிலம் தருவதற்கான சம்மதமே. வட்டம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அது பதிலாகாது.

நிலம் என்ற சொல்லுக்கே இங்கு வேறொரு கனம் உண்டு. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைப் படைத்தேவைக்கென்று சுவீகரிக்க அறிவித்தல் வந்தது. ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் போனார்கள். அதே பிரதேச செயலகப் பிரிவில் ஒரு நில அளவையாளர் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவர் ஏழு குழிக்குத்தான் வந்தார் என்று யார் உடனே நம்புவார்? 'மக்கள் அபிவிருத்திக்கு ஒத்துழைப்பதில்லை' என்று கூட்டங்களில் அலுத்துக்கொள்பவர்கள் இந்த ஆண்டையும் இந்த எண்ணையும் கொஞ்சம் நினைவில் வைக்கலாம்.

சந்தி வாகனங்களுக்கு மட்டும் உரியதுமல்ல. என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் வி. தெட்சணாமூர்த்தியின் தவிலும் வாழ்ந்த ஊர் அளவெட்டி. திருவிழா இரவில் சுவாமி சந்தியில் தரிக்க, மேளகாரர் சமா வைக்க, சனம் சுற்றி நிற்கும். நடுவில் உயர்ந்த கல்வட்டம் கட்டினால் அந்த வெளி போய்விடும். தூக்குக்காவடி ஏற்றிய உழவு இயந்திரம் வளையமுடியாது. வாகனம் ஏறிப் போகக்கூடிய தாழ்ந்த மேடை வைத்தால் இரண்டும் நடக்கும், காணியும் குறையும். இது வரைபடத்தில் ஒரு கோட்டு வித்தியாசம். நம் கூட்டங்களில் இந்தக் கோட்டைப் பற்றிப் பேச்சு எழாது. நடுவில் யாருடைய சிலை வைப்பது என்பதில் இரண்டு மணி நேரம் போய்விடும். சிலை உயர்ந்தால் எதிரே வருவது மறையும் என்று சொல்ல அங்கே ஒருவரும் துணியமாட்டார்.

இப்படியான தவறுகளைக் கட்டுமுன்பே கண்டுகொள்ள வழியுண்டு. தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் 2022, 2023 அளவில் லாலி ரோடு போன்ற சந்திப்புகளில் சிக்னலை நிறுத்தி, முதலில் தற்காலிகத் தடுப்புகளால் ரவுண்டானா அமைத்து ஓட்டிப் பார்த்தார்கள். நடப்பவர்கள் கடக்க இடமில்லை என்ற முறைப்பாடு வந்ததும் அந்த அனுபவத்தின் பகுதிதான். தவறு தெரிய வந்தபோது அது இன்னும் கொங்கிறீற்றாக இறுகாமல் இருப்பது எவ்வளவு வசதி! மண்மூட்டையும் சுண்ணாம்புக் கோடும் போதும். ஒரு பாடசாலைத் தவணை முழுக்க அப்படி விட்டுப் பார்த்துவிட்டு ஊரைக் கூப்பிட்டால், 31 சதவீதத்துக்கும் 63 சதவீதத்துக்கும் இடையிலான தூரத்தை மக்கள் கூட்டத்துக்கு வருமுன்பே கடந்திருப்பார்கள். வேண்டும், வேண்டாம் என்ற சண்டை தணிந்து, எந்தக் கடவையில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்று பேசமுடியும். கூட்டம் செயலகத்தில் வேலை நாள் காலை பத்து மணிக்கு வேண்டாம். சந்தியிலேயே, பின்னேரம், வேலை முடிந்து சைக்கிள்கள் வரும் நேரத்தில் வைக்கலாம். பிரதேச சபைச் சட்டம் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்க இடம் தருகிறது. காணியில்லாத இருவரையாவது அதில் சேர்த்தால் நல்லது.

விபத்துக் கணக்கும் வேண்டும், முன்னும் பின்னும். பொலிஸ் பதிவில் பெரிய மோதல்கள் இருக்கும், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் கட்டுப் போட்டவர்கள் இருப்பார்கள். சந்தியில் விழுந்து, முழங்கால் தட்டிக்கொண்டு எழும்பிப் போனவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வளைந்த சில்லையும் முறிந்த மிதியையும் கொண்டு அவர்கள் போவது சைக்கிள் திருத்தும் கடைக்கு. ஆலோசனைக் கூட்டத்துக்கு முதலில் அழைக்கவேண்டியவர்களில் அந்தக் கடைக்காரரும் ஒருவர்.