பெயரில்லாத சைக்கிளோட்டி

வெறிச்சோடிய நெடுஞ்சாலை ஒன்று. சைக்கிளில் வரும் ஒருவன் மேட்டைக் கடந்து நம் பார்வையினின்றும் மறைகிறான். அடுத்த கணம் ஒரு கார் தோன்றித் தடுமாறி நிற்கிறது. மோதலை நாம் காண்பதில்லை. ஸ்பானிய நெறியாளர் ஹுவான் அந்தோனியோ பார்தெம் 1955இல் ஆக்கிய 'ஒரு சைக்கிளோட்டியின் மரணம்' என்னும் திரைப்படம் இவ்வாறு தொடங்குகின்றது.

காரைச் செலுத்தியவள் செல்வந்தர் ஒருவரின் மனைவியான மரியா ஹோசே. உடனிருந்தவன் அவளது காதலன், பல்கலைக்கழக ஆசிரியன் ஹுவான். அவன் ஓடிச்சென்று பார்க்கிறான். விழுந்தவனிடம் உயிர் இருக்கிறது. ஆயினும் உதவி தேடினால் தமது இரகசிய உறவு வெளிப்பட்டுவிடும். இருவரும் அவனைச் சாலையிலேயே விட்டுச் செல்கின்றனர்.

இதனை முறைதவறிய காதலின் கதையாக மட்டும் கொள்வோர் உளர். அது முழுமையான நோக்கன்று. காதலர் அஞ்சுவது தம் வர்க்கம் தமக்களித்த இடத்தை இழந்துவிடுவோமோ என்றுதான். ஹுவானின் பதவியே மைத்துனனின் செல்வாக்கினாற் கிடைத்தது. அந்த இடத்தைக் காக்க ஓர் ஏழையின் உயிர் விலையாகின்றது. 'விபத்து' என்னும் சொல்லை நாம் இங்கு ஆராய்தல் வேண்டும். சாரதியின் ஒரு கணக் கவனமின்மை, இரும்புக் கூட்டினுள் இருப்போருக்கு வண்டியில் ஒரு கீறல். சைக்கிளில் இருப்பவனுக்கோ உயிரிழப்பு. இந்த ஏற்றத்தாழ்வை மறைக்கவே அச்சொல் பயன்படுகின்றது. மேலும், மோதியது விபத்தாயிருக்கலாம். விட்டுச் சென்றது விபத்தன்று, தீர்மானமாகும்.

அம்மரணம் பத்திரிகையில் ஒரு சிறு செய்தியாக வருகின்றது. பரீட்சை மண்டபத்தில் அதனைப் படித்து நிலைகுலைந்த ஹுவான், கரும்பலகையின் முன் நின்ற மாணவி மத்தில்தேக்கு அநீதி இழைக்கிறான். மாணவர்கள் கிளர்ந்தெழுகின்றனர். சாலையிற் செய்த தவறு வகுப்பறையிலும் தொடர்வதைக் காட்டும் இப்பகுதியை ஆசிரியராகிய நாம் எளிதிற் கடந்துவிட முடியாது. 1956 பெப்ரவரியில் மட்ரிட் மாணவர்கள் பிராங்கோ ஆட்சிக்கெதிராக உண்மையிலேயே எழுந்தனர். கம்யூனிஸ்டான பார்தெமும் அப்போது கைது செய்யப்பட்டார்.

படத்திற் குறையும் உண்டு. இறந்தவனின் எளிய குடியிருப்புக்கு ஹுவான் செல்கிறான். ஆனால் கமரா விரைவிலேயே செல்வரின் மண்டபங்களுக்குத் திரும்பிவிடுகின்றது. குற்றவாளிகளின் மனத்தை நாம் நன்கறிகிறோம். மாண்டவனின் வாழ்வை அறியோம். சரணடையத் துணிந்த ஹுவானை மரியா ஹோசே அதே இடத்திற் காரினால் மோதிக் கொல்கிறாள். தப்பியோடுகையில் பாலத்திலிருந்து வீழ்ந்து மடிகிறாள். தணிக்கையாளர் விரும்பிய தண்டனை கிடைத்துவிடுகின்றது. ஆயின் இங்கு தண்டிப்பது விதியேயன்றி நீதியன்று.

எனினும் இறுதிக் காட்சி படத்தை உயர்த்துகின்றது. அவள் வீழ்ந்தது, எதிரே வந்த இன்னொரு சைக்கிளோட்டிமீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பியபோதே. அவன் இறங்கிப் பார்க்கிறான், சற்றே தயங்குகிறான், பின்னர் தொலைவில் விளக்கெரியும் வீட்டை நோக்கி விரைந்து மிதிக்கிறான். கற்றோரும் செல்வரும் செய்யத் தவறியதைச் செய்யப் புறப்படுபவன் அவனே.

நம் வீதிகளிலும் மாணவரும் ஆசிரியரும் தொழிலாளரும் சைக்கிளிற் செல்கின்றனர். பாரவண்டிகளும் பேருந்துகளும் அவர்களை ஓரத்துக்குத் தள்ளி விரைகின்றன. அவர்களுள் ஒருவர் வீழ்ந்த செய்தி பத்திரிகையின் மூலையில் வரும்போது, அதனை விதியென்று சொல்லி நாம் பக்கத்தைப் புரட்டலாகாது. வீழ்ந்தவர் யார், வீழ்த்தியவர் யார், நின்று உதவியவர் யார் என்று கேட்கக் கற்பிப்பதும் நமது பாடமேயாகும்.