பாக் வீட்டுக்கு வந்தார், பிறகு?

ஒத்தப் பாட்டா வாங்குற பழக்கம் வந்துதான் ஆல்பம் செத்துப்போச்சு என்று புலம்புகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: நாம் எப்போதுங்க ஆல்பம் கேட்டோம்?

ஆப்பிள் 2003இல் அமெரிக்காவில் ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியது. அந்தக் கடை இந்தியாவுக்கு 2012 டிசம்பரில்தான் வந்தது. எங்கள் வேலம்பாளையம் பக்கம் ரெக்கார்டிங் சென்டர்களில் அதே வியாபாரம் அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியே நடந்தது. தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுப்போம். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு. கடைசிப் பாட்டு சில சமயம் பாதியில் அறுந்து நிற்கும். அப்புறம் மெமரி கார்டு. செல்போன் கடையில் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் ஏற்றித் தந்தார்கள். இதில் ஒரு பைசா இசையமைத்தவருக்குப் போயிருக்காது.

சினிமாப் பாட்டு இதற்கெல்லாம் வளைந்து கொடுக்கும். ஒரு படத்தின் ஐந்து பாட்டும் ஐந்து காட்சிக்குப் போட்டவை. அடுத்தடுத்து வருவதற்கு இசைக் காரணம் பெரும்பாலும் கிடையாது. 2011 நவம்பரில் கொலவெறிப் பாட்டு தனியாக வந்து ஊரையே சுற்றியபோது, '3' படத்தின் மீதிப் பாட்டெங்கே என்று யாரும் ஏங்கவில்லை. பவர்டேபிளில் ஒருத்தர் கை தைப்பார், ஒருத்தர் கழுத்து தைப்பார். பீஸ் ரேட். முழு பனியனையும் விரித்துப் பார்ப்பவர் செக்கிங்கில் இருக்கிறவர்தான். நாம் பாட்டுக் கேட்டதும் பீஸ் ரேட்டில்தான்.

இந்த வாதத்தில் என்னை மடக்குகிற கேசட் ஒன்று உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. படமில்லை, காட்சியில்லை. தியாகராஜருக்கும் பாக்குக்கும் அர்ப்பணித்தது, வி. எஸ். நரசிம்மனின் வயலின். அதில் ஒன்றின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முன்னிசையை வயலின் எடுத்து வரும். அடுத்ததன் பெயர் 'அண்ட் வி ஹேட் எ டாக்'. ஒரே வாக்கியத்தை ராஜா இரண்டாக நறுக்கி வைத்திருக்கிறார். முதலாவதை மட்டும் வாங்கினால் பாக் வீடு தேடி வந்து, வாய் திறக்காமல் திரும்பிவிடுவார். பேசி முடித்த கையோடு வருவது 'டோன்ட் கம்பேர்'. இந்தக் குறும்பு தலைப்புகளின் வரிசையில்தான் இருக்கிறது. ஷஃபிளில் போட்டால் பாக்குக்குப் பதில் சொல்ல ஒரு குத்துப்பாட்டு வந்து குதிக்கும்.

பத்தும் ஒரே தரமில்லை. கடைசியில் வரும் 'டூ எனிதிங்' எனக்கு இன்னும் ஒட்டவில்லை. தனித்தனியாக வாங்கியிருந்தால் அதைத் தொட்டே இருக்க மாட்டேன், ஒட்டவில்லை என்றும் தெரிந்திருக்காது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் எல்லாமே அடுத்தவன் வெட்டித் தந்த துண்டாக வரும்போது, முழுசாக ஒன்றைக் கேட்பது எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமில்லை.

போன மாசம் நைட் ஷிப்டில் பக்கத்து மெஷின் தம்பிக்கு ஹெட்செட்டில் ஒரு பாதியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டான்.

"ஏனுங்ணா, இதுல பாட்டு வரவே வராதுங்ளா?"

"வராது. கேளு."

பாக் வந்தார், பேசினார். மெஷினை நிறுத்தாமலே தலையை ஆட்டினான்.

"அந்த ரெண்டு மட்டும் அனுப்பி வுடுங்ணா."